சொல்லக் கூச்சப்படும் சங்கதி

மலச்சிக்கலைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். கதை, கவிதை, கச்சேரி விமரிசனம், நவராத்திரி அழைப்பு எல்லாம் வருகிற பக்கங்களில் இதற்கும் சிறிது இடம் இருப்பதில் தவறில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊர் மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். லேக் மார்க்கெட், லேக் கார்டன்ஸ், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கத்தில் நம்மவர் வீடுகளில் யாராவது பக்கவாதத்தில் படுத்துவிட்டால், "சிஸ்டர், கொஞ்சம் வந்து பார்த்துவிட்டுப் போங்களேன்" என்று இன்றும் கூப்பிடுகிறார்கள். போனால், இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஸ்கேனில் என்ன வந்தது என்று எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள். "கடைசியாக வெளிக்குப் போனது என்றைக்கு?" என்று நான் கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, "அதை ஆயாவைத்தான் கேட்க வேண்டும்" என்று பதில் வரும்.

அந்தப் பதில் மாற வேண்டும் என்பதுதான் என் கட்சி. படுத்திருப்பவரின் வயிறு நாள்தோறும் ஒழுங்காகக் கழிகிறதா என்று பார்ப்பது வீட்டாரின் பொறுப்பு. கையால் செய்கிற உதவியை ஆயா செய்யலாம். கணக்கு வீட்டாரிடம் இருக்க வேண்டும். நாலாம் நாள் எனிமா கொடுப்பதைப் பராமரிப்பு என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். நாலாம் நாள் என்று ஒன்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் பராமரிப்பு.

இது எங்கோ யாருக்கோ வருகிற தொல்லை அன்று. கொல்கத்தாவிலேயே ஐம்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல் வீடு வீடாக விசாரித்து நடத்திய ஓர் ஆய்வு 2007ல் வெளிவந்தது. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிட்டதில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 145 பேருக்கு முதல் தடவையாகப் பக்கவாதம் வருகிறது என்று அதில் கண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 41 பேர் முப்பது நாளுக்குள் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். மருத்துவமனையில் பத்து நாள், வீட்டில் பத்து ஆண்டு என்பது இந்த நோயில் அதிசயமில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மலச்சிக்கல் உண்டு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2017ல் சொன்னது. பாதிப் பேருக்கு வருகிற ஒன்றை, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது விவேகமா?

ஏன் வருகிறது? நடமாட்டம் நின்றால் குடலின் ஓட்டமும் மந்தமாகிறது. விழுங்கச் சிரமப்படுவதால் தண்ணீரும் உணவும் குறைகின்றன. வயிற்றுத் தசைக்கு முக்கும் பலம் இல்லை. மல்லாந்து படுத்தபடி பெட்பானில் போவது என்பது, குந்தி உட்கார்ந்து பழகிய உடம்புக்கு மலையேறுகிற மாதிரி. போதாக்குறைக்குச் சில மருந்துகளும் சேர்கின்றன. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தருகிற அமிட்ரிப்டிலின், வலிக்குத் தரும் ட்ரமடால், கொடீன் கலந்த இருமல் மருந்து, சிறுநீர் அடிக்கடி வராமல் இருக்கத் தரும் சில மாத்திரைகள் ஆகியவை குடலைக் கட்டக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால், "இதில் எது வயிற்றைக் கட்டும்? மாற்ற முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? பசி போகும். வயிறு உப்பும். உள்ளே இறுகிய மலம் மூத்திரப்பையை அழுத்திச் சிறுநீரை அடைக்கும். வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். "மறுபடியும் அட்டாக் வந்துவிட்டதோ" என்று வீடு கலங்கும். மூச்சைப் பிடித்து முக்கும்போது இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். ஏற்கெனவே அடிபட்ட மூளைக்கு அது நல்லதல்ல. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. ஐந்தாறு நாள் ஒன்றும் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசியும். "பேதி ஆகிறது" என்று சொல்லி, பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது பேதி அல்ல. கெட்டியான மலம் அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாக வழிந்து வருகிற நீர். அப்போது மாத்திரை கொடுப்பது, அடைத்த சாக்கடை வழிகிறதே என்று வாயையும் சேர்த்து அடைப்பது போலத்தான். என்றைக்குக் கடைசியாகப் போனார் என்ற கணக்கு மட்டும் இருந்தால் இந்தத் தவறு நேராது.

இனி நம் ஊருக்கே உரிய மூன்று காரணங்களுக்கு வருகிறேன். இவை எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது.

முதலாவது, காலை எட்டு மணி. கொல்கத்தாவில் ஆயா சென்டர் மூலம் ஆள் வைத்தவர்களுக்குத் தெரியும்: பகல் ஆயா எட்டுக்கு வருவாள், இரவு ஆயா எட்டுக்குப் போவாள். வருகிறவள் கேனிங்கிலிருந்தோ பாருய்ப்பூரிலிருந்தோ லோக்கல் ரயிலில் வர வேண்டும். ரயில் தாமதித்தால் அவளும் தாமதம். போகிறவளுக்கோ ரயிலைப் பிடிக்கும் அவசரம். மனிதக் குடலுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவு முழுதும் காலியாக இருந்த வயிற்றில் காலை உணவு விழுந்ததும், அடுத்த அரை மணிக்குள் பெருங்குடல் தானே அசைந்து கொடுக்கிறது. "காப்பி குடித்தால்தான் எனக்கு வரும்" என்று நம் தாத்தாக்கள் சொன்னது வெறும் பேச்சில்லை. நாளில் அந்த அரை மணிதான் தங்கமான நேரம். நம் வீடுகளில் காப்பியும் டிபனும் ஏழரைக்கு. எட்டு மணிக்கு ஆள் மாறும் நேரம். போகிறவள், "வருகிறவள் உட்கார வைப்பாள்" என்பாள். வருகிறவள் துணி மாற்றி, டீ குடித்து நோயாளியிடம் வரும்போது ஒன்பது. குடலின் நேரம் போய்விட்டது. இதில் ஆயாவைக் குறை சொல்வதற்கில்லை. நேரத்தை வகுக்க வேண்டியது நாம். காப்பியை ஆறரைக்குக் கொடுத்து, இரவு ஆயாவும் வீட்டார் ஒருவரும் சேர்ந்து ஏழு மணிக்கு உட்கார வைக்கலாம். அல்லது டிபனையே எட்டரைக்குத் தள்ளி, பகல் ஆயாவை வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு உட்கார வைக்கலாம். எதுவானாலும் தினமும் ஒரே நேரம்.

இரண்டாவது, மொழி. பக்கவாதம் பேச்சைப் பாதிக்கும்போது, தெரிந்த மொழிகள் எல்லாம் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. சிலருக்குப் பின்னால் கற்றுக்கொண்ட மொழி அதிகம் போய்விடுகிறது. நாற்பது வருஷம் ஆபீஸில் வங்காளியும் இங்கிலீஷும் சரளமாகப் பேசிய மனிதர், படுக்கையில் நாலு தமிழ் வார்த்தை மட்டும் சொல்வார். பக்கத்தில் இருக்கும் ஆயாவுக்கோ தமிழ் தெரியாது. தஞ்சாவூர் பக்கத்துப் பாட்டி ஒருவர் "கொல்லைக்கு, கொல்லைக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆயா நல்ல பெண். ஓடிப்போய் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு வந்தாள். வங்காளியில் வாழைப்பழத்துக்குக் 'கொலா' என்று பெயர்! கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் இப்படி ஆன பிறகு பாட்டி கேட்பதையே நிறுத்திவிட்டார். உந்துதல் வரும்போது அடக்கி அடக்கிப் பழகினால், பிறகு உந்துதலே மங்கிவிடும். மருமகள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளிடம் சொல்லப் பாட்டிக்குக் கூச்சம்.

மூன்றாவது, தண்ணீர். சிறுநீர் அடிக்கடி போனால் துணி மாற்ற வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். இதில் ஆயாவும் சேர்த்தி, வீட்டாரும் சேர்த்தி, பல சமயம் நோயாளியே சேர்த்தி. யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அவராகவே டம்ளரைத் தள்ளிவிடுவார். சித்திரை, வைகாசியில் இந்த ஊர்ப் புழுக்கத்தில் படுத்த இடத்திலேயே எவ்வளவு வியர்க்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் பெருங்குடல் மலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுவது ஆட்டுப் புழுக்கை.

ஆகையால் செய்ய வேண்டியவை பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

இருதயம், சிறுநீரகம் காரணமாக டாக்டர் தடை போடாவிட்டால், நாளைக்கு 1.5 லிட்டரிலிருந்து 2 லிட்டர் வரை திரவம் உள்ளே போக வேண்டும். மோர், ரசம், கஞ்சி, பருப்புத் தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட்டால் மாலையில் எவ்வளவு மீதி என்று யாரும் பார்க்கலாம். ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. விழுங்கும் சக்தி எப்படி இருக்கிறது என்று பரிசோதித்துச் சொல்லாமல் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அப்படியே கொடுங்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவர்களுக்கு, உணவோடு தண்ணீர் எவ்வளவு, எத்தனை தடவை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உணவில், பத்தியம் என்று சொல்லி வெறும் குழைந்த ரசம் சாதத்திலும் பிரெட்டிலும் மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். குழைத்து மசித்த கீரை, பூசணி, சுரைக்காய், பழுத்த பப்பாளி ஆகியவை லேக் மார்க்கெட்டில் கிடைக்காத பொருளா? அக்கம்பக்கத்து வங்காளிகள் கோடையில் பழுத்த வில்வப் பழத்தைக் கரைத்துப் பேல் சர்பத் குடிப்பதும் வயிற்றுக்காகத்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பு சேர்க்காமல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். நார்ச்சத்தைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கம்தான் கூடும்.

உட்கார்ந்து போக முடிகிறவரைப் பெட்பானில் வைக்காதீர்கள். நடுவில் துளை போட்ட கமோட் நாற்காலி மெடிக்கல் காலேஜ் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிறது. பாதம் இரண்டும் ஊன்ற வேண்டும். ஒரு சின்ன மணையைக் காலடியில் போட்டு முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தால், அது நாம் பழகிய குந்தலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பலமில்லாத பக்கத்துக்குத் தலையணை அண்டை கொடுங்கள். பத்து, பதினைந்து நிமிஷம் போதும். தனியாக விட்டுப் போகக் கூடாது. ஆனால் கதவைச் சாத்துங்கள், டி.வி.யை அணையுங்கள், விருந்தாளியை உள்ளே விடாதீர்கள். மானம் உள்ள மனிதர்கள் அவர்கள். உட்காரவே முடியாதவருக்கு, டாக்டர் அனுமதித்தால், தலைப்பக்கம் உயர்த்தி முழங்காலை மடக்கி வைக்கலாம். அல்லது இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதும், பிஸியோதெரபிஸ்ட் சொன்ன அசைவுகளைச் செய்விப்பதும், நாற்காலியில் உட்கார வைப்பதும் படுக்கைப் புண்ணுக்கு மட்டுமல்ல, குடலுக்கும் நல்லது. வயிற்றை வலப்புறம் கீழிருந்து மேலே, குறுக்கே, இடப்புறம் கீழே என்று மெல்லத் தடவிக் கொடுப்பதால் பெரிய பலன் உண்டா என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் தவிர மற்றவர்களுக்கு மென்மையாகச் செய்து பார்க்கலாம்.

இனி மருந்து. மேலே சொன்னவற்றைச் செய்தும் போதாதவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு டாக்டர் எழுதிய மலமிளக்கியைத் தினமும் கொடுப்பதில் தவறில்லை. தவறு, நாமே கடையில் வாங்குவதில். இசப்கோல் நல்லதுதான், நடமாடித் தண்ணீர் குடிக்கிறவருக்கு. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது தொண்டையிலேயே ஊறி அடைக்கும். விளக்கெண்ணெயும் லிக்விட் பாரஃபினும் அப்படிப்பட்டவர்களின் நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. சோப்புத் தண்ணீர் எனிமா குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமா சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உயிருக்கே உலை வைக்கக்கூடும். விரலால் எடுப்பதைப் பயிற்சி பெற்ற நர்ஸைத் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், கொஞ்சமா அதிகமா, கெட்டியா மிருதுவா, குடித்த தண்ணீர் எவ்வளவு என்ற ஐந்து கட்டம் போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997ல் மலத்தின் உருவத்தை ஏழு வகையாகப் பிரித்து ஓர் அட்டவணை வெளியிட்டார்கள்: புழுக்கை போல் இருந்தால் ஒன்று, வெறும் தண்ணீரானால் ஏழு, வாழைப்பழம் போல் வழுவழுப்பாக இருந்தால் நாலு. நமக்கு வேண்டியது மூன்றும் நாலும். ஆயா எண்ணைச் சொன்னால் போதும், வர்ணிக்க வேண்டாம். பகல் ஆயாவும் இரவு ஆயாவும் ஒருவரை ஒருவர் பார்ப்பது ஐந்து நிமிஷம். நோட்டுதான் இருவருக்கும் நடுவே நிற்கும் சாட்சி. இரண்டு நாள் கட்டம் காலியாக இருந்தால் அன்றே டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, இரத்தம் போனாலோ, சிறுநீர் நின்றாலோ, புத்தி திடீரென்று மாறினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

"இவ்வளவுக்கும் பலன் உண்டா?" என்று கேட்பீர்கள். பிரிட்டனில் இந்தத் தொல்லை இருந்த 146 பக்கவாத நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2004ல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு நர்ஸ் ஒரே ஒரு முறை முறையாகப் பரிசோதித்து, நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்லி, ஒரு சிறு புத்தகத்தையும் கையில் கொடுத்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர்களுக்குத்தான் வயிறு ஒழுங்காக இருந்தது. ஓராண்டு கழித்தும் உணவையும் தண்ணீரையும் கவனித்து வந்தவர்களும் அவர்களிலேயே அதிகம். ஒரே ஒரு முறை சொன்னதற்கே இந்தப் பலன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து, வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து நோயாளியைத் தேற்ற முடியுமா என்று பார்த்த பெரிய ஆய்வு 2017ல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற வீடுகளிலும் பெறாத வீடுகளிலும் ஆறு மாத முடிவில் வித்தியாசம் இல்லை. உண்மைதான். அதனால் வீட்டுப் பராமரிப்பு நடக்க வைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆய்வு பார்த்தது, உயிரோடு இருக்கிறாரா, பிறர் கையை எதிர்பார்க்கிறாரா என்பதை. நான் கேட்பது அதைவிடச் சிறியது: எழுந்து நடக்க முடியாவிட்டாலும் வயிற்று வலி இல்லாமல், நாற்றத்துக்குக் கூனிக் குறுகாமல் ஒரு மனிதர் தன் நாளைக் கழிக்க வேண்டும். அந்தச் சிறியது நம் கையில் இருக்கிறது.

கசப்பான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். மலம் என்றால் தீட்டு, அதைத் தொடுவதும் பேசுவதும் வேறு யாரோ செய்யும் வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பெற்ற தாய்க்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகன், இந்தப் பேச்சு வந்தால் பால்கனிக்குப் போய்விடுகிறார். அந்த வேலையைச் செய்கிற ஆயாவுக்குக் கையுறையும் சோப்பும் வாங்கி வைக்கவும் தோன்றுவதில்லை. நோயாளியின் காதுபட மூக்கைப் பொத்துகிறோம். அவர் அடுத்த நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சங்க நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, சங்கச் செலவில் இரண்டு கமோட் நாற்காலி வாங்கி வைத்து, தேவைப்படும் வீடுகளுக்கு இரவல் கொடுங்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, கிழவரும் கிழவியுமாக இருக்கும் வீடுகள் நம்மில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, தமிழிலும் வங்காளியிலும் ஓர் அட்டை அச்சிடுங்கள். தண்ணீர் என்றால் ஜொல், சிறுநீர் பெச்சாப், மலம் பாய்கானா, வலி என்றால் பேத்தா (பேதி என்று எண்ணிவிட வேண்டாம்!). படிக்கவும் முடியாமல் போனவர்கள் விரலால் தொட்டுக் காட்ட, பக்கத்திலேயே படமும் இருக்கட்டும். கொல்லை, வெளிக்கு, ரெண்டுக்கு என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் எல்லா வார்த்தையையும் அதில் வங்காளி எழுத்திலும் போடுங்கள். வார்த்தைகளைத் தொகுத்துக் கொடுக்க நான் தயார். அச்சுக் கூலியை ஏற்க ஓர் அன்பர் முன்வந்தால், வருகிற பொங்கலுக்குள் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடலாம்.